ஐந்தாவது சத்தம்

வாண்டு படியிறங்கி வந்தபோது செருப்பின் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னியது. கீச்சென்ற சத்தம் மட்டும் வரவில்லை.

தண்ணீர் மோட்டாரை நிறுத்த வந்த வீட்டுக்காரி, சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். அந்த நான்கு வயதுக் குழந்தை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக்கொண்டிருந்தது. மோட்டார் இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்து மோட்டாரை நிறுத்தினாள். இன்னும் மூன்று படிகள் மிச்சமிருந்தன. தொப், தொப் என்று விழவேண்டிய கால்கள் பஞ்சின்மேல் விழுவதுபோல் விழுந்தன.

பின்னால் வந்த தாய் பெருமையாகச் சிரித்தாள். "பாத்தீங்களா ஓனரம்மா? பூனை மாதிரி நடக்குறா."

"செருப்புல இருந்த பீப்பியை எடுத்துட்டீங்களா?"

"நான் எதையும் எடுக்கல. அவளே நிறுத்திட்டா."

நல்ல விஷயம்தான். ஆனாலும் அன்று முழுக்க வீட்டுக்காரிக்கு அந்த மூன்று படிகள் நினைவில் வந்துகொண்டே இருந்தன.

அப்பா இறந்தபின் வீடு அவள் பொறுப்பானது. அவள் பின்பக்க அறையில் இருந்தாள். மேல் போர்ஷனில் வாண்டும் தாயும். சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பது தாயின் வேலை. கீழ் போர்ஷனில் ஆறு மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண். புகார் வந்தால் அப்பா வாசலில் நின்று இரண்டு பேரையும் சத்தம் போடுவார், அதோடு முடிந்துவிடும். அவளுக்கு அந்தத் தைரியம் கிடையாது. யார் பேசினாலும் அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டாள். புகார் வந்தால் புகார் சொன்னவரின் அறையிலேயே நின்று, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் முழுதாகக் கேட்பது. கேட்டதை எழுதுவது. ஒரு நொடி குறைந்தாலும் அது அநியாயம்.

ஒரு மாதம் கேட்டதில் ஐந்து சத்தங்கள் தேறின. ஓட்டம், குதிப்பு, பொருள் விழுவது, சிரிப்பு, அழுகை. தாளில் வரிசையாக எழுதி இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

"மேல என்ன குதிரைப் பந்தயமா நடக்குது?" என்றாள் கீழ்வீட்டுப் பெண். அவள் கண்களின் கீழே கருவளையம். "எம்புள்ள சேர்ந்தாப்ல அரை மணி தூங்கி மூணு வாரமாச்சு. பகல்ல தூங்கலன்னா ராத்திரியும் தூங்க மாட்டேங்குறான். நான் மனுஷியா இல்லையா?"

"நாலு வயசுப் பிள்ளைக்கு பிரேக்கா வச்சிருக்கு? ஏமாந்தவ தலையிலதான் எல்லாரும் மிளகாய் அரைப்பீங்க."

வீட்டுக்காரி தாளை நீட்டினாள். வாரத்துக்கு ஒரு சத்தம் நிற்கவேண்டும். ஐந்தும் நிற்காவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

தாய் இரண்டு முறை படித்தாள். குரல் இறங்கிவிட்டது. "நாலு வீடு பாத்துட்டுத்தான் இங்க வந்தேன். குழந்தை இருக்கான்னுதான் முதல் கேள்வியே கேக்குறாங்க. இதையும் விட்டா இவளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று சொல்லியபடியே கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வாங்கிக்கொண்டாள்.

முதல் வாரம் ஓட்டம் நின்றது. இரண்டாவது வாரம் குதிப்பு; படியில் பார்த்தது அப்போதுதான். மூன்றாவது வாரம், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தாயைப் பார்க்க வீட்டுக்காரி போனபோது, வாண்டின் கையிலிருந்து எவர்சில்வர் தம்ளர் நழுவியது. சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி நின்றது. துணி படபடத்தது. எங்கோ ஒரு காகம் கத்தியது. தம்ளர் மட்டும் சத்தமே போடவில்லை.

"எப்படிப் பழக்குனீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"தூங்க வைக்கிறப்ப தினமும் உங்க தாளைத்தான் படிச்சுக் காட்டுறேன். கதை கேக்குற மாதிரி கேப்பா. இப்ப மனப்பாடமாவே சொல்லுவா."

நான்காவது வாரம் வாண்டு சிரிப்பதைப் பார்த்தாள். வயிறு குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் யாரோ சிரிப்பதைப் பார்ப்பதுபோல், சத்தமே இல்லை. கிழித்துவிடலாம் என்று அன்றிரவு தன்னிடமிருந்த தாளை எடுத்தாள். காலையில் கீழ்வீட்டுப் பெண் முகம் தெளிந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து நாலு மணி நேரம் தூங்குனோம்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." தாள் கிழிபடவில்லை. அழுகை ஒன்றுதானே மிச்சம் என்று இருந்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம், காற்று பலமாக அடித்த ஒரு மத்தியானம், கீழ்வீட்டிலிருந்து போன் வந்தது.

"அக்கா, மறுபடியும். ஆனா இது மேலேருந்து வரல."

படுக்கையறையில் திரை இழுத்திருந்தது. பாலும் பவுடரும் கலந்த வாசனை, மின்விசிறியின் சூடான காற்று, மூலையில் தொட்டில். கைக்குழந்தை வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிலுக்கு ஒரு சாண் மேலே, எதுவுமே இல்லாத இடத்தில், ஒரு குழந்தை அழுதது.

"அம்மா... வலிக்குதும்மா..."

வாண்டின் குரல்.

"மேல போய்ப் பாருங்கக்கா," என்றாள் கீழ்வீட்டுப் பெண், அவள் தோளைப் பிடித்தபடி.

"அஞ்சு நிமிஷம் கேக்கணும். கேட்டாதான்..." தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. அந்த அறையில் பயமுறுத்தாத பொருள் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். அதையே பார்த்தாள். மூன்று மணி பத்து நிமிடம்.

ஒரு நிமிடம். இரண்டு.

"அம்மா, திரும்பிப் பாரும்மா."

மூன்று. விக்கல். நான்கு. மூச்சு வாங்கும் சத்தம்.

ஐந்து.

படிகளில் ஓடினாள். கதவு திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே, அறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டைகள் அடுக்கியிருந்தன.

"வாங்க ஓனரம்மா. அப்போலேருந்து எவ்வளவு சமத்து பாருங்க. மூச்சு விடல."

அவளுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் பால்கனிக் கதவு. காற்றில் அறைந்து சாத்தியிருக்கிறது. சத்தமில்லாமல். கீல் பக்கத்து இடுக்கில் நான்கு விரல்கள். சின்ன விரல்கள். கதவு விளிம்பில் கோடாக ரத்தம்.

வாண்டு நுனிக்காலில் நின்றிருந்தது. மறு கையால் கதவை அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது.

வீட்டுக்காரி பாய்ந்து கதவை இழுத்தாள். விரல்கள் விடுபட்டன. குழந்தையின் வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது.

அலறல் கீழே கேட்டது.

தாய் நூல் நுனியைப் பல்லால் கடித்தாள். திரும்பவில்லை.

"கீழ்வீட்டுக் குழந்தைதான் அழுவுது, ஓனரம்மா," என்றாள் அவசரமாக. "சத்தியமா எங்க வாண்டு இல்ல."

அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் உதடுகள், அம்மா என்பதுபோல், ஒட்டின, பிரிந்தன. ஒட்டின, பிரிந்தன.