முதல் வாடிக்கையாளர்

பெனடிக்ட் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பல் துலக்கினான். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து டீத்தூள் போட்டான். பால் வாங்குவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. டீயை நின்றபடியே குடித்தான். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. போனும் அடித்தது.

"வணக்கம், ஆனி பேசறேன். இன்னிக்கு மாவு எத்தினி பாக்கெட் போடட்டும்?"

"வேணாம்."

"சரி, நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிடும். தினமும் அப்படித்தான். அன்று வைக்கவில்லை.

"பெனி, அன்னிக்கு நான் கடைசியா இன்னா சொன்னேன்?"

அவன் போனை வைத்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

அவன் மனைவி ஆனி மேரியை மார்ச் மாதம் அடக்கம் செய்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு அவளுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து பத்து நாள்தான் ஆகிறது.

இருவரும் வேலை பார்த்தது வில்லியனூரில் தங்கவேலின் இட்லி மாவு கம்பெனியில். காலையில் இருநூற்றுச் சொச்சம் வீடுகளுக்குப் போன் போட்டு ஆர்டர் எடுப்பது அவள் வேலை. எந்த வீட்டுக்கு எவ்வளவு போகும், யார் வாங்குவதை நிறுத்தப் போகிறார்கள் என்று கணினியில் கணிப்பது அவன் வேலை. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் தங்கவேல் வீட்டுக்கு வந்தார்.

"சனங்க அந்தப் பொண்ணு கொரலுக்குப் பழகிட்டாங்க பெனி. புதுசா ஒருத்திய போட்டா பாதி வூடு நின்னுடும். நீதான் ஏதோ ஏஐன்றியே, அதுல அவ கொரலயே பேச வைக்க முடியாதா?"

முடியும் என்றான். முடியாது என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இரண்டு வருடத்துப் பேச்சுப் பதிவுகளை எடுத்துக் கொடுத்தான். கருவிக்கு ஒரே வேலை வைத்தான். விலகப் போகிறவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர் விலகமாட்டாரோ அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்கும்வரை தேட வேண்டும்.

பட்டியலில் முதல் வாடிக்கையாளர் அவன் வீடுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று, போன் சரியாகப் போகிறதா என்று பார்க்க அவள் பதிந்த எண். அதை மட்டும் அவன் நீக்கவில்லை.

கம்பெனியில் புளித்த வாடை சுவரிலேயே ஊறியிருக்கும். அன்று மழையில் அது இன்னும் கனத்து, தகரக் கூரையில் விழும் தூறலோடு சேர்ந்து தலைக்குமேல் தொங்கியது. பாக்கெட் கட்டும் ஜெயசித்ரா அவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னாபா, உன் மெஷினு வம்பு பேசக் கத்துக்கிச்சா? உங்க பக்கத்து வூட்டு தனக்கொடி அக்காவுக்குப் போன் போட்டு, நான் கடைசியா இன்னா சொன்னேன், உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுச்சாம். அக்கா பயத்துல ரெண்டு பாக்கெட்டுக்கு நாலா சொல்லிட்டாங்க. ஏவாரம் நல்லாத்தான் பண்ணுது."

அவன் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அன்னிக்கு உங்க வூட்டுக்கு மொதல்ல ஓடியாந்தது அவங்கதானே. அதான் கேட்டுச்சோ இன்னாவோ."

தன் அறைக்குப் போய் அன்றைய பதிவுகளைத் திறந்தான். தனக்கொடியிடம் மட்டுமல்ல. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் கேட்டிருந்தது. ஆர்டர் எடுத்த பிறகு, அதே குரலில், அதே கேள்வி. சிலர் போனை வைத்துவிட்டார்கள். பலர் பதில் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணும் சொல்லலயேம்மா. ஒக்காந்த எடத்துலயே போயிட்டன்னு உம் புருசன் சொன்னான்."

"ஒரு செகண்டுல முடிஞ்சிடுச்சாமே கண்ணு. நீ கஷ்டப்படல."

செத்தவளிடமே அவள் செத்த விதத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே கருவி ஒரே சொல்லைப் போட்டிருந்தது. பொருந்தவில்லை.

பொருந்தாதுதான். அவர்களுக்கு அப்படிச் சொன்னது அவன். அவள் பேசினாள். சமையலறையிலிருந்து, கத்தாமல், ஒரு வாக்கியம். அவன் கூடத்தில் மடிக்கணினியில், பின்னால் இந்தக் கருவிக்குள் போன கணிப்பை முதல் தடவையாக ஓடவிட்டுக்கொண்டிருந்தான். "அஞ்சு நிமிஷம்" என்றான். அவன் எழுந்து போனபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மூடாமல் விட்ட மாவு பாத்திரத்திலிருந்து பொங்கி, மேடையில் வழிந்து, தரையில் சொட்டி, அவள் தலைமுடிவரை வந்திருந்தது.

அந்த வாக்கியத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட. மனதுக்குள்ளும் அதைச் சொல்லிப் பார்ப்பதில்லை. எந்தப் போனிலும் அது பதிவாகவில்லை. அவளுடையதில் கருவிக்குக் கொடுக்காதது அது ஒன்றுதான்.

முதல் வரிக்குப் போனான்.

வாடிக்கையாளர் 1. விலகும் வாய்ப்பு: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்வதாக முடிவு செய்திருந்தான். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

விலகாமல் நிறுத்தும் வாக்கியம்: தேடப்படுகிறது.

வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொன்னான். உறுதியா என்று திரை கேட்டது. உறுதி. வரி இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாக வெளுத்தது. கடைசிக் கட்டம் வெளுப்பதற்கு முன் அதிலிருந்த சொல் மாறியது.

கிடைத்தது.

பிறகு வரி இல்லை.

குரலையும் அழித்தான். பதிவுகளை அழித்தான். போனை அணைத்துப் பைக்குள் போட்டான். தங்கவேல் பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மணி நாலுகூட ஆகவில்லை. ஆனால் மேகம் இறங்கி, ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு ஒரே கறுப்பாக நின்றது. வண்டிகள் விளக்குப் போட்டு வந்தன. ஹெல்மெட்டுக்குள் அவன் மூச்சே அவன் காதில் இரைந்தது. கழற்றினான். அப்போதும் கேட்டது.

வீட்டுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தான்.

வாடை.

சட்டையில் ஒட்டிவந்த கம்பெனி வாடை என்று நினைத்தான். சட்டையைக் கழற்றி வாசலில் போட்டான். வாடை போகவில்லை. உள்ளேயிருந்து வந்தது. வெதுவெதுப்பாக. அந்த வீட்டுக்குள் மாவு நுழைந்து எட்டு மாதம்.

சுவிட்சைப் போட்டான். கரண்ட் இல்லை.

பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். கறுப்பு. அணைந்துதான் இருந்தது.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. காலையில் அவன் அதைச் சாத்தவில்லை.

சொட்டு.

நின்றான். குழாயாக இருக்கலாம்.

சொட்டு. குழாய்த் தண்ணீருக்கு இவ்வளவு கனமான சத்தம் வராது.

கதவின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு. அகலமானது. கூடத்துக்குள் வந்தது. மெதுவாக. மேலே சின்னச் சின்னக் குமிழ்கள். ஒவ்வொன்றாக உடைந்தன. அதன் ஓரத்தில், நனைந்து நீண்டு, கறுப்பு முடி.

வாசல் அவன் முதுகுக்குப் பின்னால் திறந்துதான் கிடந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், கத்தாமல், அவள் சொன்னாள்.

"ஒரு மாதிரியா இருக்குது பெனி. அத்த மூடி வச்சிட்டுக் கொஞ்சம் வாயேன்."