ஏசிக் குழாயின் மறுமுனை

கார் ஏசியிலிருந்து வடிகிற தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும். எந்த வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் முன்சீட்டுக்கு அடியில் மிதியடியை நனைத்துக் குளம் கட்டியிருந்த தண்ணீரில் கையை வைத்தபோது, அது வெதுவெதுப்பாக இருந்தது. வியர்வை வாடை வேறு. அவன் கையைச் சட்டென்று எடுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி, ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் கார்க் கதவையும் பிடித்தபடி.

"ஒண்ணுமில்ல. தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்கு. அதான் உள்ள வடியுது."

"ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் பாப்பீங்க. நம்ம வண்டியில மட்டும் நான் நீச்சலடிக்கணும்."

சிரித்துவைத்தான். மெக்கானிக் வீட்டு வண்டி என்றைக்கு ஒழுங்காக இருந்திருக்கிறது! ஆனால் உள்ளுக்குள் அவனுக்குப் பயம்தான். இரண்டு முறை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை இது. ஏழு மாதமாக அவள் படியில் கால் வைத்தால் பயம், வேகத்தடை வந்தால் பயம், தும்மினால்கூடப் பயம். ஈர மிதியடியில் அவள் கால் வழுக்கினால்? அதனால்தான் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அடுக்குமாடியின் வண்டி நிறுத்தும் அடித்தளத்துக்கு அவளோடு இறங்கிவிட்டான்.

பகல் என்பது அந்த அடித்தளத்துக்குத் தெரியாது. தூண்களுக்கிடையே வண்டிகள் உறை போர்த்திக் கிடந்தன, ஒற்றை டியூப்லைட் ரீங்காரமிட்டு விட்டுவிட்டு எரிந்தது, எங்கோ மோட்டார் நின்றுபோன குழாயில் மிச்சத் தண்ணீர் கடகடவென்று இறங்கி அடங்கியது, சிமெண்டும் பழைய ஆயிலும் ஊறிய வாடை தொண்டையிலேயே தங்கியது. முன்சக்கரத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்து, அட்டையை விரித்து, அவன் வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

கம்பி விட்டுக் குத்தினால் உள்ளே தண்ணீர் சேரும் தட்டு ஓட்டையாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கீழே படுத்துக் குழாயில் வாய் வைத்து ஊதுவான். இன்னொருவன் உள்ளே உட்கார்ந்து, காற்று வரும் ஓட்டையில் காதை வைத்துக் குரல் கொடுப்பான். குழாய் திடீரென்று லேசானால் அடைப்பு விட்டது என்று அர்த்தம்.

"மகாராணி, காலை மேல தூக்கி வச்சுக்கிட்டு உக்காரு. ஓட்டையில காதை வை. சத்தம் கேட்டா சொல்லு."

"சம்பளம் உண்டா?"

"கையெல்லாம் முத்தம்."

"அய்யே, கிரீஸ் வாயி!"

ரப்பர் குழாய் சுண்டுவிரல் பருமன். வாய் வைத்து ஊதினான். நகரவில்லை. கன்னம் வலிக்க மறுபடி ஊதினான். மூன்றாம் முறை ஊதியபோது, குழாய் அவன் மூச்சை வாங்கிக்கொண்டது. நெஞ்சில் இருந்த காற்று முழுவதும் இழுபட்டுப் போனது. கண் இருண்டது.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"விட்டுடுச்சு! இன்னும் கிட்டப் போய்க் கேளு!" என்று கத்தினான்.

சீட் கிரீச்சிட்டது. அவள் குனிகிறாள்.

குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. உள்ளே அத்தனை தண்ணீர் நிற்கிறது. அடைப்பு விட்டிருந்தால் கொட்ட வேண்டுமே.

"ஏங்க," என்றாள். "இப்ப ஊதுனீங்களா?"

"இல்லையே."

"காத்து வருதே."

சாவி போடாமல் ஏசி ஓடாது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தான். இருந்தது.

"காதை எடு."

மேலே சீட் கிரீச்சிடவில்லை.

"ஏய், காதை எடுடீ! வெளிய வா!"

கதவு சாத்தும் சத்தம். மெதுவாக, பூவைப் பறிப்பதுபோல. அவள் கதவை அப்படிச் சாத்தியதே இல்லை. எப்போதும் அறைந்துதான் சாத்துவாள்.

முழங்கை சிராய்த்தது. தலை வண்டியில் இடித்தது. எப்படியோ வெளியே வந்துவிட்டான். கதவைப் பிடித்து இழுத்தான். திறக்கவில்லை. சாவியைப் போட்டான். திரும்பவில்லை. கண்ணாடி உள்பக்கம் பனி படிந்து வெள்ளையாக இருந்தது.

"விளையாடாத. என் உயிரே போகுது. திற!"

உள்ளேயிருந்து ஒரு கை பனியைத் துடைத்தது. அவள் முகம். அவனைப் பார்த்தாள். உதடு அசையவில்லை.

"ஏங்க."

அவள் குரல்தான். ஆனால் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து இல்லை. கீழேயிருந்து.

"ஏங்க, எங்க இருக்கீங்க? ஒரே இருட்டா இருக்கு. கையை நீட்ட முடியல."

மண்டியிட்டு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தான். குழாயில் காதை வைத்தான். மூச்சு கேட்டது. களைத்த மூச்சு, அவளுடையது, பக்கத்தில் படுத்து இத்தனை வருஷம் கேட்ட மூச்சு. அதோடு இன்னொன்று. சின்னது. வேகமானது.

பிறக்காத பிள்ளைக்கு ஏது மூச்சு?

எழுந்தான். கண்ணாடி வழியே பார்த்தான். சீட்டில் இருந்தவளின் நைட்டி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. வயிறு இல்லை. தட்டையாக இருந்தது.

"ஐயோ," என்றான். "ஐயோ, கடவுளே."

சீட்டில் இருந்த அது அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டியது. காற்று வரும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக மூடியது. கடைசி ஓட்டையை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தியது.

கீழே இரண்டு மூச்சும் திணறின. சின்னது முதலில் தேய்ந்தது.

அவன் தொப்பென்று விழுந்து குழாயைக் கவ்வினான். ஊதினான். மூச்சு உள்ளே போனது. காதை வைத்தான். சின்ன மூச்சு மீண்டும் ஓடியது. கொஞ்சம்தான். தேய்ந்தது. ஊதினான். மறுபடி ஓடியது. தேய்ந்தது.

உதவிக்குக் கத்த வாயை எடுக்க வேண்டும். எடுக்க முடியாது.

ஊதினான். இழுத்தான். ஊதினான்.