ஸிக்மாஸின் கார்டு

லாரி நின்றுகொண்டிருந்தது. எஞ்சினும் அணைந்திருந்தது. ஆனால் முன்கண்ணாடிக்கு மேலிருந்த நேரப்பதிவுப் பெட்டி, வண்டி ஓடுவதாகக் காட்டியது.

அல்விதாஸ் இருக்கைக்குப் பின்னாலுள்ள படுக்கையில் புரண்டபடி அதையே பார்த்தான். கீல் என்னும் துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத் தூரத்தில், மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்ட ஓய்விடம். நனைந்த டயரும் டீசலும், பக்கத்து வண்டியில் யாரோ வதக்கும் வெங்காயமும் கலந்த வாசனை. சட்டப்படி அவன் ஓட்டக்கூடிய நேரம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. இன்றைய கப்பலை விட்டால் திங்கட்கிழமைக்குள் ஊர்போய்ச் சேர முடியாது. அன்றுதான் மனைவி விலியாவுக்கு இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகுமுன் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதனால், ஓட்டுநரின் ஓட்ட நேரத்தைப் பதியும் தன் கார்டை அந்தப் பெட்டியிலிருந்து உருவிவிட்டு ஸிக்மாஸின் கார்டைச் செருகினான். ஸிக்மாஸ் இந்த லாரியை முன்பு ஓட்டியவன். தூக்கத்திலேயே இறந்துபோய் இரண்டு வாரமாகிறது.

“அவனுக்கு இனிமே லீவுதானே. கார்டாவது உழைக்கட்டும்,” என்று சிரித்தபடி கொடுத்தவர் ஆபீஸ் மேலாளர்.

அந்தக் கார்டிலும் நாலரை மணி நேரம் ஓட்டியாயிற்று. முக்கால் மணி கட்டாய ஓய்வில் பதினொரு நிமிடம்தான் பாக்கி இருந்தது. இப்போது பெட்டி அதையும் ஓட்டமாகப் பதிந்து எல்லாம் கெட்டது.

பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தான். கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். கீச்சென்று கத்தியது. கார்டைத் தரவில்லை. ஓடுகிற வண்டியில் கார்டு வெளியே வராது.

புஸ்ஸென்று காற்று இறங்கியது. ஓட்டுநர் இருக்கை தாழ்ந்தது. கனத்த ஆள் ஒருவன் உட்கார்ந்த அளவுக்கு.

பெல்ட் தானாக நீண்டது. க்ளிக்.

அல்விதாஸ் படுக்கையில் சரிந்தான். கை அசையவில்லை. காலும்தான். நாக்கும் எழவில்லை.

எஞ்சின் உறுமியது. வெங்காய வாசனை பின்னால் போனது. கண்ணாடியில் பனி நகர்ந்தது.

போன் அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஒலிபெருக்கியில் விலியா.

“என்னப்பா, கப்பலைப் பிடிச்சிடுவியா?”

அவன் வாய் திறக்கவில்லை. முன்னிருக்கையிலிருந்து அவனுடைய குரல் வந்தது.

“வந்துட்டே இருக்கேன், விலியா. நீ பயப்படாம தூங்கு. பக்கத்துலயே வந்து இருக்கேன்.”

அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு.

லாரி துறைமுகச் சாலையில் திரும்பியது.