கல்லறைமேல் கிராம்பு

செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது திருநாவுக்கரசுவின் துப்பறியும் நிலையம். வருகிறவர்களில் பெரும்பாலானோர் வரன் விசாரிக்க வருகிறவர்கள். அதனால் தேவசகாயம் வந்து உட்கார்ந்ததும் உதவியாளர் மானசா வழக்கம்போல, "பொண்ணுக்கா சார், பையனுக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

"பையன் செத்துட்டான்மா," என்றார் அவர்.

மானசா போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தேவசகாயம் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். ஒரே மகன் ஜோயல் கோடையில் நெம்மேலி அருகே லாரி மோதி இறந்துபோனான். சொந்த ஊரான படாளத்தில் அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் யாரோ அவன் கல்லறைமேல் ஒரு பிடி கிராம்பு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

"ஊர்ல செய்வினைன்றாங்க சார். என் வூட்டுக்காரி சாராளு சரியா சாப்பிடறதுகூட இல்ல. அழுதுகினே கீறா."

"உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

தேவசகாயம் தயங்கினார். "ஒரு பொண்ணு சார். பவளான்னு பேரு. மாடில நின்னு அவகிட்ட போன்ல பேசிகினு இருப்பான். 'பவளா, இந்தச் சரக்கு வித்துதுன்னா ஊரறியக் கட்டிக்கலாம்'னு ஒருநாள் என் காதுல வுழுந்திச்சு. இன்னா சரக்கோ, நான் கேக்கல. சாவுக்கு அந்தப் பொண்ணு வரல. கிராம்பு வெக்கிறது அதுவா இருக்குமோன்னு தோணுது. கண்டுபுடிச்சுக் குடுங்க சார்."

"லீவு நாள்ல ஜோயல் எங்க போவாரு?"

"மகாபலிபுரம். கூட்டாளிங்களோட ஏதோ கேம் ஆடுவான்."

மறுநாள் திங்கட்கிழமை. படாளம் கல்லறைத் தோட்டத்தில், வெள்ளைச் சிலுவையின் அடியில் கிராம்பு புதிதாகக் கிடந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது.

"சுடுகாட்டுச் சாம்பல் சார். செய்வினைதான் போல," என்றாள் மானசா ஆர்வம் தாங்காமல்.

திருநாவுக்கரசு அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "சாம்பல் வழவழன்னு இருக்கும். இது நறநறங்குது." பிறகு சிலுவையின் கையைக் காட்டினார். அங்கும் அதே தூளில் ஐந்து விரல் தடம். யாரோ வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

மகாபலிபுரத்தில், சிற்பப் பட்டறை ஒன்றின் மேல் அறையில் ஜோயலின் நண்பர்கள் மூவரும் காத்திருந்தார்கள். கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஜெயகிருஷ்ணன் விளையாட்டை விளக்கினான்.

"இது ரோல்பிளே சார். சங்குத்துறைன்னு ஒரு துறைமுகம். அப்படி ஒரு ஊரே கிடையாது, கற்பனைதான். கதை சொல்றது நான், அதனால எனக்குன்னு தனிப் பாத்திரம் கிடையாது. மத்த மூணு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாப் பேசுவாங்க. புயல், வியாபாரம் எல்லாம் பகடை விழறபடி. ஜோயல் கிராம்பு வியாபாரி."

"பவளா?"

ஜெயகிருஷ்ணன் பகடையை எடுத்து உருட்டத் தொடங்கினான். நர்ஸாக வேலை பார்க்கும் ஜாய்ஸ்தான் பதில் சொன்னாள். "நான்தான் சார் பவளா. வியாபாரிக்கும் பவளாவுக்கும் லவ்வு. கதையிலதான். ஜோயல் அண்ணன் ரொம்ப நல்லா ஆடுவாரு."

"கல்லறைக்குப் போறதுண்டா?"

"போவேன் சார்," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

மூன்றாமவன் கலையரசன், கீழே பட்டறையில் சிலை செதுக்குகிறவன். கை கழுவிவிட்டுத்தான் மேலே வந்திருந்தான். ஆனாலும் புருவத்தில் சாம்பல் நிறத் தூசி இருந்தது. அவன் கதவோரமாகவே நின்றான்.

கடற்கரைக்கு வந்ததும் மானசா, "முடிஞ்சுது சார். அங்க இருக்கறது ஒரே பொண்ணு, அவளும் ஒத்துக்கிட்டா," என்றாள்.

"அந்தப் பொண்ணு ஜோயலை எப்படிக் கூப்பிட்டா?"

மானசா யோசித்தாள். "ஜோயல் அண்ணன்னு."

"அண்ணன்னு கூப்பிடறவரைக் கட்டிக்கிறேன்னு எந்தப் பொண்ணாவது விளையாட்டுக்காவது சொல்லுவாளா? ஜெயகிருஷ்ணனுக்குப் பாத்திரமே கிடையாது. கிராம்புமேல இருந்தது கல்தூள். மிச்சம் யாரு?"

மானசா பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். துப்புத் துலங்கினால் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டது. கலையரசன் வந்து நின்றான்.

"ஜாய்ஸை ஒண்ணும் சொல்லாதீங்க சார். என்னைக் காப்பாத்தத்தான் சொல்லிச்சு. மொதல்ல விளையாட்டுதான். ஜாய்ஸ் அவனை அண்ணன்னுதான் கூப்பிடும், அதனால பவளா வேஷம் எனக்கு வந்திச்சு. கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் ஜோயல் பவளா கையில ஒரு பிடி கிராம்பு குடுப்பான். அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தல. போன்லயும் அந்தப் பேர்லதான் பேசுவான். கலைன்னு என் பேரைச் சொல்லி அந்தப் பேச்சை அவனால பேச முடியல. என்னாலயும் முடியல." கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "அவங்க அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"செய்வினை இல்லைன்னு சொல்லித்தான் ஆகணும். அந்தம்மா சாப்பிடறதில்ல," என்றார் திருநாவுக்கரசு. "மீதி உங்களோடது. நீங்களா சொன்னா உண்டு."

செய்வினை இல்லை, கிராம்பு வைப்பவர் ஞாயிறன்று வருவார் என்று மட்டும் திருநாவுக்கரசு சொல்லியிருந்தார். ஞாயிறன்று தேவசகாயம் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்லறைத் தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி மானசாவும் திருநாவுக்கரசுவும் நின்றார்கள். கலையரசன் உள்ளே வந்தான்.

"வாப்பா," என்றார் தேவசகாயம். "அன்னிக்கு வூட்டுலேந்து இங்க வரைக்கும் தோள் மாத்தாம பெட்டியத் தூக்கியாந்தவன்தானே நீ? நில்லு, ஒரு பொண்ணு வருது." அவர் கண்கள் அவனைத் தாண்டி மறுபடி வாசலுக்குப் போயின.

கலையரசன் கையை விரித்தான். உள்ளங்கையில் கிராம்பு.

"யாரும் வரலப்பா. பவளா நான்தான்."

அவர் வாசலிலிருந்து பார்வையை எடுக்க நேரமாயிற்று. எடுத்தபின் அவன் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அறைந்துவிடுவாரோ என்று மானசா ஓரடி முன்னால் வைத்தாள். திருநாவுக்கரசு அவளைத் தடுத்தார். தேவசகாயம் பக்கத்துச் சிமெண்டு மேடையில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"சாராளுகிட்ட நான் இன்னா சொல்லுவேன்," என்றார் யாரிடமோ. பிறகு நிமிர்ந்து கேட்டார்: "அவன் சந்தோஷமா இருந்தானா?"

"எங்க கேம்ல சங்குத்துறைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல இருந்தான்பா."

"எப்பிடிகீது அந்த ஊரு?"

கலையரசன் சற்று இடம் விட்டுத் தரையில் உட்கார்ந்தான். "சின்ன ஊருதான்பா. மலைமேல கலங்கரை விளக்கம். கப்பல் வந்தா ஊரே கரைக்கு வந்துடும். யாரு யார்கூட எறங்குறாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் குரல் உடைந்து நின்றுவிட்டது.

தேவசகாயம் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவில்லை. "மேல சொல்லு," என்றார்.