களிமண் கக்கியது!

டெலிபோன் அலறியது.

மண் பரிசோதனைக் கூடத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். கையெல்லாம் களிமண். முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"மேடம்... ஜல்லி பேசறேன்!"

ஜல்லி என்றால் ரோடு கான்ட்ராக்டர். வாயைத் திறந்தால் லாரி லாரியாக ஜல்லியடிப்பார் என்பதால் வந்த பெயர். இன்று அந்த வாய்க்கு மூச்சு வாங்கியது.

"என்ன சார், ஓடி வந்தீங்களா?"

"நம்ம சாம்பல் ரோடு மேடம்... ஒரே ஒரு இடத்துல மேடு தட்டி வெடிச்சிருச்சு. ஒட்டுப் போடலாம்னு தோண்டினோம். கை வந்துச்சு..."

"கையா?"

"மனுஷன் கை மேடம்! எலும்பு!"

அவள் கையிலிருந்த மண் உருண்டை தரையில் விழுந்து நசுங்கியது.

சாம்பல் ரோடு!

மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வாய் பிளக்கும் கறுப்புக் களிமண் பூமி அது. அங்கே போட்ட தார் ரோடு எதுவும் இரண்டு மழைக்காலம் தாங்கியதில்லை. அந்த மண்ணோடு அரிசி மில்லில் மலையாய்க் குவிந்து கிடந்த உமிச்சாம்பலையும் கொஞ்சம் சுண்ணாம்பையும் கலந்து இறுக்கினால் மண் அடங்கிவிடும் என்று நிரூபித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவளுடைய அண்ணன். இன்னொருவன் அண்ணனின் நண்பன்; முகம் நிறையத் தாடி, அதனால் பெயரும் தாடி.

ரோட்டுக்குத் தார் போட்ட வாரம் அண்ணன் காணாமல் போனான்.

கலவை ரகசியத்தை எவனுக்கோ விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று ஊரே பேசியது. அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. அம்மா மூன்று வருஷமாக வாசல் பக்கமே வருவதில்லை.

*

இன்ஸ்பெக்டர் பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்தார். வாயில் பல் குத்தும் குச்சி.

"வாங்க மேடம். இது யாருன்னு பாருங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அடையாள அட்டை. மண் அப்பிய அட்டையிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தான்...

அண்ணன்!

"எலும்புக்கூட்டோட கழுத்துல மாட்டியிருந்துச்சு. மண்டையில பின்பக்கம் விரிசல். மூக்குக் கண்ணாடி ஒண்ணும் கிடைச்சிருக்கு."

"அவனோடதுதான்..."

அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதற்கு முன்னால், வெட்கமே இல்லாமல், ஒரு நிம்மதி வந்தது.

அவன் ஓடிப்போகவில்லை!

"டிஎன்ஏ ரிசல்ட் வர நாளாகும். உங்கம்மாகிட்ட ரத்தம் எடுக்க ஆள் அனுப்பியிருக்கேன்." இன்ஸ்பெக்டர் குச்சியை இடது கடைவாய்க்கு மாற்றினார். "அதுவரைக்கும் நம்ம ஜல்லி சார் என் விருந்தாளி."

"ஐயோ, நான் ரோடுதான் சார் போட்டேன்!"

"அடியில என்ன போட்டீங்கங்கிறதுதான் சார் கேள்வி."

"எல்லா இடத்துலயும் ஒரே கலவைதான் சார்! மேடம், நீங்களாவது சொல்லுங்க!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கீறல் இல்லை. ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும் மேடு தட்டி, மேலே தார் வெடித்திருந்தது.

"இன்ஸ்பெக்டர்... எனக்கு இந்தப் பள்ளத்து மண் கொஞ்சம் வேணும். பக்கத்துல வெடிக்காத இடத்து மண்ணும் வேணும்."

"அண்ணன் பாடிகூட இன்னும் வண்டியில ஏறல. அதுக்குள்ள வேலையா?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதான் சார்."

*

மறுநாள் பரிசோதனைக் கூடத்து மேஜையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன.

"இது வெடிக்காத இடத்து மண்." அவள் ஒரு சொட்டு ஆசிட் விட்டாள். மண் புஸ்ஸென்று நுரைத்தது. "சுண்ணாம்பு இருக்கு. சாம்பலும் இருக்கு, மில் சாம்பல். கறுப்பா, அங்கங்கே பாதி வெந்த உமியோட. ஜல்லி சார் சொன்னது உண்மை."

"இன்னொண்ணு?"

இரண்டாவது கிண்ணத்தில் சொட்டு விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"இது அண்ணன் மேல மூடின மண். சொட்டு சுண்ணாம்பு இல்ல. ஆனா சாம்பல் இருக்கு சார்! மாவு மாதிரி சலிச்ச வெள்ளைச் சாம்பல். இந்த மாதிரி சாம்பல் எந்த மில்லுலயும் கிடைக்காது."

"பின்னே?"

அவள் கை மூலையில் இருந்த உலையைக் காட்டியது.

"அதுல எரிச்சாத்தான் இந்த நிறம் வரும். அண்ணனும் தாடியும் இங்கதான் ஆராய்ச்சி பண்ணாங்க, எரிச்ச சாம்பலை ஸ்டோர் ரூம்ல மூட்டை மூட்டையா வச்சிருந்தாங்க."

இன்ஸ்பெக்டரின் குச்சி நின்றது.

"ஆக, கொன்னவனுக்கு மண்ணைப் பத்தித் தெரியும். சும்மா மூடினா உப்பிக் காட்டிக் கொடுத்துடும்னு சாம்பலைக் கலந்திருக்கான். ஸ்டோர் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"ரெண்டே பேர். ஒருத்தன் அண்ணன்..."

"அவர் பள்ளத்துக்குள்ள இருக்கார்."

"இன்னொருத்தர் தாடி."

சொல்லும்போதே வாய் கசந்தது. அனாதை விடுதியில் வளர்ந்தவர் தாடி. அவளுடைய வீட்டில் அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். அண்ணன் காணாமல் போன அதே வாரம் வெளிநாட்டு வேலைக்குப் போனார். அந்த வேலைக்கு அண்ணனும் மனுப் போட்டிருந்தான், தாடிக்குத்தான் கிடைத்தது. போனபின் அவ்வப்போது செல்போனில் மெசேஜ் மட்டும் வரும். பேசியதே இல்லை.

"நேத்து அம்மா அவருக்கும் தகவல் சொல்லச் சொன்னாங்க. உடனே பதில் வந்துச்சு." அவள் செல்போனை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார். "'அவனைப் போல ஒரு நல்லவனை இனி பார்க்க முடியாது. அம்மாவைப் பார்த்துக்கொள்.' ...அடேங்கப்பா! கொன்னுட்டுக் கண்ணீரும் விடறான்."

"ஒண்ணுதான் சார் இடிக்குது. சுண்ணாம்பு இல்லாம உமிச்சாம்பல் மட்டும் மண்ணைக் கட்டாதுன்னு கண்டுபிடிச்சதே தாடிதான். அதை அவரே எப்படி மறப்பார்?"

"மண்டையை உடைச்ச பதட்டத்துல எவனுக்கு மேடம் சுண்ணாம்பு ஞாபகம் வரும்? முதல்ல அவனைப் பேச வைக்கணும்."

*

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்!

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் புள்ள ஓடிப்போகல. கொன்னு போட்டிருக்காங்க. கேட்டுக்கோ!"

மகன் செத்ததைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை அவளால் பார்க்க முடியவில்லை. உள்ளே கூட்டிப்போய், தாடி மேல் சந்தேகம் என்பதையும் அவரை எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். அம்மா அழவில்லை.

"நான் சாகக் கிடக்கேன்னு எழுது."

"அம்மா!"

"எழுதுடி! 'அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. கண்ணை மூடறதுக்குள்ள உங்க குரலைக் கேட்கணுமாம்'னு எழுது. நான் சோறு போட்டவன். என் புள்ளையைக் கொன்ன வாய் என்ன பேசுதுன்னு நான் கேட்கணும்."

எழுதினாள். அனுப்பினாள்.

கூடவே வந்திருந்த இன்ஸ்பெக்டர் மின்விசிறியை நிறுத்தினார். மூன்று பேரும் மேஜை மேலிருந்த செல்போனையே பார்த்தார்கள்.

மெசேஜ் படிக்கப்பட்டது.

பதில் இல்லை.

"வரமாட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர். "கெட்டிக்கா..."

செல்போன் அடித்தது!

அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரி? டாக்டர் என்ன சொல்றாரு?" குரல் பதறியது. "அம்மா கண்ணு முழிச்சாங்களா இல்லையா? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் பாப்பா!"



பாப்பா!

கூப்பிட்ட விதம் இருக்கட்டும். அந்தக் குரல்! பிறந்ததிலிருந்து இந்த வீட்டுக்குள் கேட்ட குரல்!

"அண்ணா...?"



அம்மா செல்போனை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் தம்பி. என் புள்ளைதான் செத்துட்டான். நீங்க யாரு?"

இணைப்பு அறுந்தது.

அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் வேறெந்தச் சத்தமும் வெளியே வரவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே உயரம் சார்." அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "ஒரே உடம்புவாகு. அண்ணன் தாடி வளர்த்தா, பாஸ்போர்ட் போட்டோவுல யாரு வித்தியாசம் கண்டுபிடிப்பாங்க? என்னைக்காவது தோண்டினாலும் செத்தது அவன்னே நினைக்கணும்னு தன் அட்டையையும் கண்ணாடியையும் பிணத்துக்கு மாட்டிட்டு, தாடியோட பேரையும் வேலையையும் எடுத்துட்டுப் போயிட்டான்."

"தாடியை யாருமே தேடலையா?"

"தேட யாருமில்லாதவர்னு பார்த்துத்தானே சார் கொன்னிருக்கான்! சுண்ணாம்பு மறந்துபோச்சுன்னு நினைச்சோம். மறக்கல. அது தேவைன்னே அவனுக்குச் சரியாப் புரிஞ்சதில்ல. மூளை அத்தனையும் தாடியோடது. எங்கண்ணன் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டவன்."

நின்றுபோன கல்யாணமும், அம்மா வெளியே வராத மூன்று வருஷமும் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. நேற்று அழுத அழுகை யாருக்காக என்று யோசித்தாள். மூன்று வருஷமாகத் தாருக்கு அடியில் கிடந்தவருக்காக இந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

இப்போது விட்டாள்.

இன்ஸ்பெக்டர் தலைமையகத்துக்குப் பேசி முடித்தார். ஜல்லியை அனுப்பிவிடச் சொன்னார். தொப்பியை எடுத்தார்.

"பிடிச்சிருவீங்களா சார்?"

"அந்த நாட்டுப் போலீஸுக்குத் தகவல் போயாச்சு. அவன் வேலை பார்க்கற ஆபீஸுக்குக் கிளம்பிட்டாங்க."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"எத்தனையோ கொலைகாரனைப் பார்த்துட்டேன் மேடம். தன் சாவுக்குத் தானே துக்கம் விசாரிச்ச பிணத்தை இப்பத்தான் பார்க்கறேன்!"