கிழியாத கால்சட்டை

காலை எட்டு மணி. சுகாதார நிலையத்து மருந்து அறையில் பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை. ஆனால் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்க வேண்டிய இரண்டு பாட்டில்களைக் காணோம்.

வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் சைக்கிள் கடைக்காரர். வலது முழங்கால் பந்துபோல வீங்கியிருந்தது. பிறவியிலேயே அவருக்கு ரத்தம் உறையாத நோய். மாதம் ஒருமுறை நகரத்திலிருந்து வரும் ரத்த நோய் நிபுணர் அவருக்காக விட்டுப்போன மருந்து அது.

“டயர்ல ஓட்டைன்னா நான் ஒட்டிருவேன் மேடம்,” என்றார் விசாரிக்க வந்த எஸ்.ஐ.யிடம். “எனக்கு ஒட்டுற பசை அந்தப் பாட்டில்லதான் இருக்கு.”

வேறு மருந்து வர மறுநாளாகும். அதற்குள் மூட்டில் ரத்தம் தேங்கி, கால் மடங்காமலே போய்விடலாம். எஸ்.ஐ.க்கு வேண்டியது திருடனைவிட முதலில் மருந்து.

அறைச் சாவி மூன்று பேரிடம். நர்ஸ் வெளியூரில் விடுப்பில் இருந்தாள். மீதி, புகார் கொடுத்த மருந்தாளரும் வேன் டிரைவரும். மருந்தாளர் குரலைத் தாழ்த்தினார்.

“நான் யாரையும் சொல்லல மேடம். நேத்து சாயங்காலம் மருந்துப் பெட்டிய உள்ள வச்சது வண்டிக்காரன். வேற என்னத்தச் சொல்றது?”

அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நோயாளிகளின் வரிசை மொத்தமும் பார்த்திருக்க, டிரைவரை ஜீப்புக்கு அழைத்தாள்.

“நான் எடுக்கல மேடம்.”

“எடுத்தவன் எவன் எடுத்தேன்னு சொல்லியிருக்கான்? ஏறு.”

அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி டிபன் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். யாரோ அந்தப் பாத்திரத்தை வாங்கி ஜீப்புக்குள் நீட்டினார்கள்.

பதினொரு மணிக்குள் வேனையும் அவன் வீட்டையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து மருந்து அறையை இன்னொரு முறை துழாவியபோதுதான் ஊசித் தட்டு கண்ணில் பட்டது. பெரியவர்களுக்கான ஊசிக் கட்டு பிரிக்காமல் இருந்தது. குழந்தைகளுக்குப் போடும் மெல்லிய ஊசிகளின் கட்டு மட்டும் புதிதாகக் கிழிக்கப்பட்டு, அதில் ஒன்று குறைந்திருந்தது. சைக்கிள் கடைக்காரரிடம் காட்டி, இதுவா உங்களுக்கு என்று கேட்டாள். அவர் நரம்பு புடைத்த கையை நீட்டிச் சிரித்தார். அந்த மருந்துக்கு இந்த வட்டாரத்தில் பெயர் கொடுத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

அப்படியானால் ஊசி யாருக்கு?

கேள்வியை மனத்தில் முடிந்துகொண்டு, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க மருந்தாளரின் வீட்டுக்குப் போனாள். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மூத்த மகள் நாற்காலி போட்டாள். மேசையின் நான்கு முனைகளிலும் துணி சுற்றியிருந்தது. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்ட பேரன் மெத்தைமேல் சத்தமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தான். கொடியில் அவனுடைய கால்சட்டைகள் காய்ந்தன. எல்லாவற்றிலும் முழங்கால் பகுதி தடித்திருந்தது.

“ரொம்பச் சேட்டை மேடம்,” என்றாள் மகள், எஸ்.ஐ.யின் பார்வையைப் பார்த்து. “கிழிச்சுக்கிட்டே இருப்பான்.”

எஸ்.ஐ. ஒரு கால்சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்தாள். பிறகு மருந்தாளர் பக்கம் திரும்பினாள்.

“பாட்டில் எங்க ஐயா?”

“வண்டிக்காரன்கிட்ட கேளுங்க.”

“எனக்கும் ஒரு பையன் இருக்கான். கிழிஞ்ச பிறகுதான் ஒட்டுப் போடுவேன், அதுவும் வெளியே. இது புதுத்துணி, எங்கயும் கிழியல. உள்ள பஞ்சு வச்சுத் தச்சிருக்கு. துணிக்காகத் தச்சதில்ல, முட்டிக்காகத் தச்சது. மேசை முனைக்குத் துணி சுத்துனதும் அதுக்குத்தான். குழந்தை ஊசி ஒண்ணு குறையுது. சாவி உங்ககிட்ட இருக்கு. அந்தச் சட்டைக் கைய மடிச்சுப் பாக்கணுமா, நீங்களே சொல்றீங்களா?”

மருந்தாளர் சோற்றுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நேத்து ராத்திரி விழுந்துட்டான். முழங்கை வீங்கிருச்சு. ஒரு பாட்டில் போட்டேன். இன்னொண்ணு இங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு. சைக்கிள்காரர் இன்னிக்கே வருவார்னு நினைக்கல மேடம்.” சற்று நிறுத்தினார். “தாய் வழியா வர்ற நோய். சின்னவளுக்கு இடம் பேசி முடிச்சிருக்கோம். வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா?”

“நிபுணர்கிட்ட இவன் பேரையும் கொடுத்திருந்தா?”

“இவனுக்கும் வந்திருக்கும். காசில்லாமலே.”

“எத்தன தடவை சொன்னேன்ப்பா,” என்றாள் மகள், அவரைப் பார்க்காமல்.

இரண்டு மணிக்கு, எஞ்சிய பாட்டில் சைக்கிள் கடைக்காரரின் நரம்பில் ஏறியது. மருந்தாளர் தானாகவே நடந்து வந்து ஜீப்பின் பின்னால் ஏறினார்.

காவல் நிலையத்தில் டிரைவர் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். டிபன் பாத்திரம் திறக்கப்படவில்லை. எஸ்.ஐ. அவனருகே போய் நின்றாள். தப்பு என்னுது, மன்னிச்சிருங்க என்றாள்.

அவன் எழுந்தான். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

“இங்க சொல்றீங்க மேடம். ஏறுன்னு சொன்னது அங்க, எல்லார் முன்னாடியும்தானே?”

மறுநாள் காலை எட்டு மணி. அதே வரிசை. பேரனையும் அவன் அம்மாவையும் நிபுணரிடம் அழைத்துப்போக வேன் தயாராக நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், டிபன் பாத்திரத்தோடு அவன் மனைவி பக்கத்தில் நின்றாள். எஸ்.ஐ. ஜீப்பிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினாள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நேற்று ‘ஏறு’ என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இன்று தொண்டையைச் செருமினாள், மறுபடி செருமினாள். அவர்கள் காத்திருந்தார்கள்.