மூலக்கை

பல் மருத்துவர்கள் 'வலிக்குதா?' என்று கேட்பதையே மறந்துபோயிருந்தார்கள். கேட்க என்ன அவசியம்? துளைப்பியின் கழுத்தில் ஒரு வளையம் இருந்தது. நோயாளிக்கு வலித்தால் அது சிவக்கும், இல்லையென்றால் பச்சை. சிவந்தால்தான் மரப்பு ஊசிப் பெட்டியின் பூட்டு திறக்கும். ஊசி மருந்தைக் கண்டபடி போட்டு ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த சட்டம் அது. மனிதர் பயப்படுவார், பெரிதுபடுத்துவார், பொய்யும் சொல்வார். நோவுணர் துளைப்பி சொல்லாது.

சோமனூர் மருத்துவமனையில் அந்தப் பச்சை வெளிச்சத்துக்கு அடியில் வாயைத் திறந்து கிடந்தார் நாச்சிமுத்து. விசைத்தறி ஓட்டுகிறவர். தலைமாட்டில் நின்ற மகள் பூங்கோதை, அவருடைய கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று நெரிப்பதைப் பார்த்தாள். கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. வளையம் பச்சை. டாக்டர் ஜனார்த்தன் நிறுத்தவில்லை. கெட்டவர் இல்லை அவர். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் வளையத்தைப் பார்க்கிறவர், அவ்வளவுதான். அப்பாவுக்கு வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, அது பயம்தான், வலியென்றால் காட்டியிருக்கும் என்று மரியாதையாகவே பதில் சொன்னார்.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து துண்டைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"வலிச்சுது அம்மிணி. ஆனா மெசினு இல்லைங்குது. எனக்குத்தான் என்னமோ கோளாறாட்ட இருக்குது."

ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி சொன்னார். அடுத்த வியாழக்கிழமை வேருக்குள் இறங்கி நரம்பை எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் சீழ் தாடைக்குள் போய்விடும். பஸ் ஏறும்போது மெதுவாகக் கேட்டார்: அன்றைக்கு மட்டும் ஒரு ஊசி போடச் சொல்ல முடியுமா? அவள் அந்த மெசின் வேலைதானே பார்க்கிறாள்? வீட்டிலேயே முதல் பட்டதாரியாக அவளை ஆக்கிய மனிதர், அதற்காக அவளிடம் ஒரு வேளை காப்பிகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்டார். முடியும் என்றாள் பூங்கோதை.

நோவுணர் துளைப்பியைச் செய்யும் நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கூடம் கோயமுத்தூர் கணபதியில் இருந்தது. பூங்கோதைக்கு அங்கேதான் வேலை. சோமனூர் துளைப்பியை, அவர்கள் பேச்சில் பீஸை, சர்வீஸுக்கு வரவழைத்தாள். பேரிங்தான் போயிருக்கும் என்று நினைத்தாள். மருத்துவமனைகளில் எண்ணெய் அடித்த பிறகு கொஞ்ச நேரம் ஓடவிட்டு மிச்ச எண்ணெயைக் கக்க வைக்காமல் அப்படியே கிருமி கொல்லும் நீராவிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். எண்ணெய் வெந்து பிசினாகும், பேரிங் இழுக்கும், வளையம் உளறும். பீஸின் தலையைக் கழற்றிப் பார்த்தாள். பிசின் இல்லை. குண்டுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. சத்தத்தில்கூட ஒரு பிசிறு இல்லை. பீஸ் புத்தம் புதுசு போல் ஓடியது.

அப்படியானால் கோளாறு பீஸில் இல்லை, அது எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறதோ அதில் இருக்கிறது.

பழுது பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, நகம் வைத்துப் பார்ப்பது. பேரிங் மாற்றியதும் வெட்டுமுனைக்குப் பதில் மொழுக்கென்ற ஒரு கம்பியை மாட்டி, முழுக் காற்றழுத்தத்தில் ஓடவிட்டு, கட்டைவிரல் நகத்தில் வைப்பார்கள். நல்ல பேரிங் பட்டு மாதிரி இருக்கும். கெட்டது மணல் மாதிரி நறநறக்கும். நாள்பட நாள்பட அந்த அதிர்விலேயே விரல் செத்துவிடும். செத்த விரலை யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் பெட்டி ஒட்டும் பிரிவுக்குத் துரத்திவிடுவார்கள். பூங்கோதையின் வலது கட்டைவிரல் எப்போதோ செத்துவிட்டது. காதை வைத்துக்கொண்டு சமாளித்தாள். கழிவறையில் அழுதுகொண்டே அதை அவள் சொன்னது ஒரே ஒருத்தியிடம். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்ட ஆக்னஸ். அன்றைக்கு ஆக்னஸ் அந்த விரலைத் தன் துப்பட்டாவில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள்.

நோவுணர் துளைப்பியைச் செய்தபோது நிறுவனம் இந்தப் பழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டது. நகமும் பல்லும் ஒரே சாதி, மேலே உயிரில்லாத ஓடு, அடியில் துடிக்கிற நரம்பு என்றார்கள். பழுது பார்ப்பவர்களின் நகத்தில் அதிர்வை ஏற்றி ஏற்றி, நரம்பு எங்கே துள்ளுகிறது என்று பதிந்தார்கள். அதுதான் தாங்கெல்லை, அதைத் தாண்டினால் வளையம் சிவக்கும். எல்லார் கையையும் சேர்த்துச் சராசரி எடுப்பதாகச் சொன்னார்கள். இத்தனை உயிருள்ள கைகளுக்கு நடுவே ஒரு செத்த விரல் கரைந்துபோகும் என்று பூங்கோதையும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆக்னஸ் இப்போது மேற்பார்வையாளர். கேன்டீனில் தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூங்கோதை எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தனை பேரு கைடீ அது?"

ஆக்னஸ் எந்தக் கை என்று கேட்கவில்லை. "ஒண்ணு" என்றாள்.

"சராசரின்னீங்க."

"சராசரி வெச்சுப் பாத்தாங்க. பாதிப் பேருக்குச் செவக்குது. ஊசி தீருது, நாற்காலி காலியாகறதில்ல. எந்த டாக்டர் வாங்குவாரு? ஒரு கைல மட்டும் செவக்கவே இல்ல. யாருதுன்னு கேட்டாங்க."

"என் வெரலு செத்துப்போச்சுன்னு உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னேன்." ஆக்னஸ் கரண்டியை வைத்தாள். "மொறைக்காத. செத்த வெரல்னு சொல்லியிருந்தா நீ பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்திருப்ப. நல்ல வெரல்னு சொன்னேன். உனக்கு வேலை நெலைச்சுது, எனக்கு இந்த நாற்காலி கெடச்சுது. யாருக்கு நட்டம்?"

"எங்கப்பாவுக்கு."

ஆக்னஸ் டப்பாவை மூடினாள். தோழிக்காகச் செய்தேன் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். பூங்கோதைக்கு அதுதான் தாங்கவில்லை. விற்றுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால் ஒரு அறை விட்டு எழுந்து வந்திருக்கலாம்.

நிறுவனத்தின் தாங்கெல்லையை நாட்டுக்கே மூல அளவாக ஏற்றிருந்த நோவளவை வாரியத்திடம் போனாள். வேலை போனால் போகட்டும் என்று, நாட்டுக்கே அளவாக இருக்கும் விரல் உணர்ச்சியற்றது, அது என்னுடையது என்று வாக்குமூலம் கொடுத்தாள். மூன்று அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டார்கள். விரலைச் சோதித்துவிடலாம் என்றார்கள். நரம்பு சோதிக்கும் கருவி ஒன்று வந்தது. நாட்டில் வலியை அளக்கும் கருவி எதுவானாலும் ஒரே மூலத்தோடுதான் ஒப்பிடவேண்டும் என்பது வாரியத்தின் சொந்த விதி. அந்த மூலத்தோடு அவளுடைய விரலை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு பூஜ்யம்.

இவ்வளவு ஆரோக்கியமான விரலை இதுவரை பார்த்ததில்லை என்றார் தலைவர்.

ஊசியால் குத்திப் பாருங்கள் என்றாள். குத்தினார்கள். ரத்தம் வந்தது. அவள் முகம் அசையவில்லை. அதற்குப் பெயர் சகிப்புத்தன்மை என்று ஒரு அதிகாரி எழுதிக்கொண்டார்.

சாட்சிக்கு ஆக்னஸை அழைத்திருந்தார்கள். ஒப்புநோக்க அவளுடைய விரலையும் வைத்தார்கள். தொட்டதுமே, மூலத்தோடு ஒத்துவராமல், கருவி சிவந்தது. மிகையுணர்வு நோய் என்று முடிவு செய்து, மாத்திரை எழுதி, பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தார்கள். ஆக்னஸ் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகப் பூங்கோதை சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஏனோ முடியவில்லை. அதற்குள் கடைசி அதிகாரி விளையாட்டாகத் தன் விரலையும் வைத்துப் பார்த்தார். கருவி சிவந்தது. கையைச் சட்டென்று இழுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்ததாக அவரே அறிவித்தார்.

வியாழக்கிழமை நாச்சிமுத்துவின் கன்னம் வீங்கியிருந்தது. டாக்டர் ஜனார்த்தன் வாரியத்தின் அறிக்கையைத் திரையில் படித்துவிட்டு, பூங்கோதையைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் மூலக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

அது செத்த விரல், வாரியம் சொல்வது பொய், தயவுசெய்து ஊசி போடுங்கள் என்று கெஞ்சினாள். டாக்டர் தர்மசங்கடமாகச் சிரித்தார். போடுவதில் அவருக்கு ஆட்சேபனை இல்லை, பெட்டி திறக்கவேண்டுமே.

நாற்காலியிலிருந்து நாச்சிமுத்து தலையைத் தூக்கினார். மூலக்கை என்றால் என்ன என்று கேட்டார். டாக்டர் விளக்கினார். இந்த நாட்டில் யார் பல்லில் துளைப்பி வைத்தாலும், வலிக்கிறதா இல்லையா என்று சொல்வது உங்கள் மகளுடைய கைதான் என்றார்.

"நாடு முச்சூடுமா?"

"முச்சூடும்தானுங்க."

நாச்சிமுத்து மகளைப் பார்த்தார். பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

"அப்பா, எந்திரிங்க. வலிக்கும். வேற எங்காச்சும் போலாம்."

"எங்க போனாலும் உன்ற கைதான அம்மிணி?" என்றார் நாச்சிமுத்து. "மொதல்லயே தெரிஞ்சிருந்தா போன வாட்டி அழுதிருக்கவே மாட்டேன்."

வீங்கிய வாயை அகலமாகத் திறந்தார். டாக்டர் துளைப்பியை எடுத்தார். அவள் பிரித்துப் பார்த்து அனுப்பிய அதே பீஸ், ஒரு பிசிறும் இல்லாமல் பாடியது. வேருக்குள் இறங்கியது. வளையம் பச்சை. நாச்சிமுத்து கத்தவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. கையை மட்டும் நீட்டி, மகளின் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார்.

எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.